வடசென்னைத் தெருவும் 41-ஆம் பிரிவும்

சென்னை மாநகராட்சி தன் பரப்பை மண்டலங்களாகப் பிரித்து எண்ணிட்டிருக்கிறது. ஐந்தாம் மண்டலம் இராயபுரம். ஆறாம் மண்டலம் திரு.வி.க. நகர். 2025-ஆம் ஆண்டில் இவ்விரு மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே நிரந்தரமின்றிப் பல ஆண்டுகளாகக் குப்பை அள்ளி வந்த சுமார் 2,000 பேரின் வேலை கேள்விக்குறியாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி முதல் அவர்கள் ரிப்பன் மாளிகையின் முன்னே நடைபாதையில் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அனுமதியின்றி நடைபாதையையும் சாலையையும் அடைத்துப் போராடக் கூடாது என்றும், அவர்களைச் சட்டப்படி அப்புறப்படுத்தலாம் என்றும் உத்தரவிட்டது. அன்று நள்ளிரவை ஒட்டிக் காவல்துறையினர் அவர்களைப் பேருந்துகளில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். துணைக்கு நின்ற வழக்கறிஞர்களும் மாணவர்களும் பிடிக்கப்பட்டார்கள். மறுநாள் உயர்நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு அவ்வழக்கறிஞர்களை விடுவிக்கச் சொல்லிற்று.

இச்செய்தியைப் படித்த மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பு தந்த உரிமை என்று பாடத்தில் இருக்கிறதே, சார். உரிமை என்றால் அதற்கு எதற்கு அனுமதி?" கேள்வி எளியது. அதற்கு விடை தேடப் புகுந்தால் நாம் 137 ஆண்டுகள் பின்னே போக வேண்டியிருக்கிறது. அந்த வழி முழுவதும் வடசென்னைத் தெருக்களின் ஊடாகவே செல்கிறது என்பதுதான் வியப்பு. ஆறாம் மண்டலத்திற்குத் தம் பெயரைத் தந்த திரு.வி.க.வும் அவ்வழியில் நம்மைச் சந்திப்பார்.

ஒரு துறைமுக நகரின் சட்டம்

1888-ஆம் ஆண்டின் சென்னையை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். இராயபுரத்தில் இரயில் நிலையம் திறந்து 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1881-ஆம் ஆண்டுப் புயல் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்துவிட்டிருந்தது. பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் ஆலை 1876 முதலும், கர்நாடிக் ஆலை 1881 முதலும் இயங்கிக் கொண்டிருந்தன. கூலியாட்கள் கிராமங்களிலிருந்து வந்து குவிந்தார்கள். கப்பலுக்கும் வண்டிக்கும் ஆலைக்கும் இடையே ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் நடந்தார்கள். இத்தகைய நகரில் தெருவை ஒழுங்கில் வைப்பது ஆட்சியாளருக்குப் பெரிய கவலை. அவ்வாண்டில் பிறந்ததுதான் சென்னை மாநகர்க் காவல் சட்டம்.

அச்சட்டத்தின் 41-ஆம் பிரிவு, இன்று அச்சில் இருக்கும் உருவில், இரண்டு அதிகாரங்களைக் காவல் ஆணையருக்குத் தருகிறது. பொதுவிடங்களில் கூட்டமும் ஊர்வலமும் எவ்வழியில், எந்நேரத்தில், எம்முறையில் நடக்க வேண்டும் என்று அவர் ஒழுங்கு செய்யலாம். இது முதலாவது. பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ தேவை என்று கருதினால் கூட்டத்தையே அவர் எழுத்து மூலம் தடை செய்யலாம். இது இரண்டாவது. ஆனால் அரசின் இசைவு இல்லாமல் அத்தடை 15 நாட்களுக்கு மேல் நிற்காது. கூட்டம் நடத்த விரும்புவோர் ஐந்து நாட்கள் முன்னதாக மனுக் கொடுக்க வேண்டும்.

ஒழுங்கு செய்தல் வேறு, தடுத்தல் வேறு. மின்சுற்றில் மின்தடையாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது; சாவியைத் திறந்துவிட்டால் மின்னோட்டமே இல்லை. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்து, ஒருவர் கையில் கொடுத்ததுதான் 41-ஆம் பிரிவு. இதற்குப் பிறகு நடந்த சண்டைகள் அனைத்தையும் இந்த வேறுபாட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாவட்டங்களில் தடையாணை பிறப்பிப்பவர் நிர்வாக நடுவர். அதை நிறைவேற்றுபவர் போலீஸ் அதிகாரி. அங்கே பயன்படும் பிரிவு, முந்தைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதன் எண் 163. (எண் மாறினாலும் மக்கள் வாயில் அது '144 போட்டிருக்கிறார்கள்' என்றே வழங்குகிறது.) சென்னை மாநகரில் 41-ஆம் பிரிவின்படி தடை தேவையா என்று முடிவு செய்பவரும் ஆணையர், அதை நிறைவேற்றுபவரும் ஆணையர். தேர்வு எழுதியவரிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பதை எந்தப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொள்வதில்லை.

சாப்பாட்டு நேரத்திலிருந்து தொடங்கிய சங்கம்

1918-ஆம் ஆண்டு. முதல் உலகப் போரின் கடைசிக் கட்டம். அரிசி விலை ஏறியிருந்தது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்கு நடுப்பகலில் சாப்பாட்டுக்கு விட்ட நேரம் அரை மணி. ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்து, கை கழுவி, உண்டு, மீண்டும் கதவுக்குள் நுழைய அந்த நேரம் போதவில்லை. ஆலைப் பக்கத்துக் கடைக்காரரான செல்வபதி செட்டியாரும் அவர் நண்பர் இராமானுஜுலு நாயுடுவும் இக்குறைகளைக் கேட்டறிந்தார்கள். அன்னி பெசன்ட் அம்மையாரின் துணைவர்களில் ஒருவரான பி.பி. வாடியாவிடம் எடுத்துச் சொன்னார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் இதையே கூறுகிறார்கள். 'தேசபக்தன்' ஆசிரியராயிருந்த திரு.வி. கலியாணசுந்தர முதலியார் அதன் தலைவர்களுள் ஒருவரானார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, அச்சங்கத்தின் முதற்கருவி கூட்டம் என்பதே. துண்டறிக்கை படிக்கத் தெரிந்தவர் சிலர். தபால் எழுதினால் நிர்வாகம் பார்ப்பதில்லை. ஆலை விட்ட பின் மாலையில் ஒரு திடலில் கூடி, ஒருவர் பேச மற்றவர் கேட்பதுதான் அவர்களுடைய பத்திரிகை, தபால், வழக்கு மன்றம் எல்லாம். கூடும் உரிமையை எடுத்துவிட்டால் அவர்களிடம் வேறெதுவும் மிஞ்சாது. படித்தவருக்கும் பணம் படைத்தவருக்கும் குறையைச் சொல்ல வேறு வழிகள் இருந்தன.

1920 அக்டோபரில் ஆலையில் கதவடைப்பு வந்தது. டிசம்பர் 9 அன்று போலீசார் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். அதற்கடுத்து நிகழ்ந்தது துப்பாக்கியைக் காட்டிலும் நுட்பமானது. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினார் என்று வாடியா மீதும் சங்கத் தலைவர்கள் மீதும் பின்னி நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குத் தொடுத்தது. இடைக்காலத் தடையும் பெற்றது. தொழிலாளர் கூட்டத்தில் எழுந்து 'வேலைக்குப் போகாதீர்கள்' என்று சொல்வதே சட்டத்தின் முன் தவறாகிவிட்டது! கடைசியில் வாடியா சங்கத்திலிருந்து விலகிக்கொள்வது என்ற உடன்பாட்டின் பேரில் 1921 தொடக்கத்தில் ஆலை திறந்தது.

இச்செய்தி இந்தியா முழுவதும் அதிர்ச்சி அளித்தது. 1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி, தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்தாண்டு இழுபறிக்குப் பிறகு 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. பதிவு பெற்ற சங்கத்தின் தலைவர்கள் மீது இவ்வகையில் சதி வழக்கோ நட்டஈட்டு வழக்கோ போடமுடியாதபடி அதன் 17, 18-ஆம் பிரிவுகள் காத்தன. பெரம்பூர்த் திடலில் பேசியதற்காக ஒருவர் மீது போட்ட வழக்கு, நாட்டுக்கே ஒரு சட்டத்தைத் தந்துவிட்டது எனலாம்.

1921 ஜூனில் மீண்டும் வேலை நிறுத்தம். இம்முறை கதை அவ்வளவு நேரானதன்று. அதை மறைத்து எழுதுவது சரித்திரமாகாது. ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். பகைமை மூண்டது. புளியந்தோப்பில் ஏழைகளின் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29 அன்று பெரம்பூரில் போலீசார் சுட்டதில் ஏழு பேர் இறந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. செப்டம்பரிலும் அக்டோபரிலும் மீண்டும் துப்பாக்கிகள் வெடித்தன. ஆளுநர் வில்லிங்டன் தம்மை அழைத்து, நாடு கடத்திவிடப் போவதாக எச்சரித்ததைத் திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அக்டோபரில் வேலை நிறுத்தம் முறிந்தது.

எரிகிற குடிசைக்கும் அதை எரிக்க வருபவனுக்கும் நடுவே நிற்க ஒருவர் வேண்டும். புளியந்தோப்பில் அது போலீசாரின் கடமைதான். அதை மறுப்பவர் அக்குடிசையில் வாழாதவர். ஆனால் அந்தக் கடமைக்கென்று தந்த அதிகாரமே திடலில் உட்கார்ந்து பேச்சுக் கேட்பவன் மீதும் பாய்ந்தது. கூட்டம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்ததன் விளைவு அது.

குண்டின் கணக்கு

அக்காலப் போலீசார் கையில் தடியும் துப்பாக்கியும்தான் இருந்தன, நடுவில் ஒன்றுமில்லை. இதன் பொருளை எண்களால் அறியலாம். பிரிட்டிஷ் இந்தியப் படையினரின் .303 ரைபிள் குண்டின் நிறை சுமார் 11 கிராம். குழலை விட்டு அது புறப்படும் வேகம் நொடிக்குச் சுமார் 740 மீட்டர். நிறையின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 3,000 ஜூல். ஒப்பிட்டுப் பாருங்கள்: மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் இயக்க ஆற்றல் சுமார் 120 ஜூல். குண்டு அதைப்போல் 25 மடங்கு ஆற்றலை, சுண்டுவிரல் நுனியளவு இடத்தில் இறக்குகிறது. கலைந்து போகச் சொல்வதற்கு ஏற்ற கருவி அன்று அது.

'வானத்தை நோக்கிச் சுட்டு எச்சரித்தார்கள்' என்று நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். போலீசாருக்கான விதிகள் அதைத் தடுக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. காரணம் இயற்பியலில் இருக்கிறது. காற்றே இல்லையென்று கொண்டு, 45 பாகைச் சாய்வில் சுட்டால் அந்தக் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று வகுப்பில் கணக்குப் போடச் சொல்வேன். விடை சுமார் 56 கிலோமீட்டர். இராயபுரத்தில் சுட்டால் மாமல்லபுரத்தில் விழும்! உண்மையில் காற்றின் தடை அதை மூன்று கிலோமீட்டரை ஒட்டிச் சுருக்கிவிடுகிறது. ஆனால் அதுவே போதும்: இராயபுரத்தில் கூட்டத்தின் தலைக்கு மேலே சுட்டது தண்டையார்பேட்டையில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் மீது விழலாம். நேர்மேலே சுட்டது கீழே வரும்போதும் முற்றுவேகம் நொடிக்கு 90 மீட்டர் அளவில் இருக்கும். ஆற்றல் சுமார் 45 ஜூல். கூரான பொருள் தலையில் விழுந்தால் அது சிறு அளவன்று. எனவேதான் விதி, சுட்டே ஆக வேண்டுமென்றால் குறி பார்த்து, தாழ்வாக, மிகக் குறைவாகச் சுடு என்கிறது. 1990-இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் சபையின் அடிப்படை நெறிகள் இன்னும் ஒருபடி மேலே போய், உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் உயிர் பறிக்கும் நோக்கில் சுடலாம் என்கின்றன.

தடிக்கும் துப்பாக்கிக்கும் இடையே பிற்பாடு வந்து சேர்ந்தது கண்ணீர்ப் புகை. இன்று பெரிதும் பயன்படும் 'சி.எஸ்.' என்ற பொருளை 1928-இல் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் கார்சன், ஸ்டவ்டன் என்ற இரு வேதியியலார் ஆக்கினர். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். அது வாயு அன்று; காற்றில் மிதக்கும் நுண்ணிய திண்மத் துகள்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1993-இல் நாடுகள் கையெழுத்திட்டு 1997-இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுத உடன்படிக்கை, கண்ணீர்ப் புகையைப் போர்முறையாகப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. உள்நாட்டில் சட்டம் ஒழுங்கைக் காக்க அனுமதிக்கிறது. எதிரி நாட்டுச் சிப்பாய் மீது வீசக் கூடாததைச் சொந்த ஊர்க்காரன் மீது வீசலாம்! இதற்கு வல்லுநர்கள் காரணம் சொல்கிறார்கள். போர்க்களத்தில் எது வந்தது என்று தெரியாமல் எதிரி கொடிய நச்சு வாயுவால் திருப்பித் தாக்கக் கூடும் என்பது அது. காரணம் சரிதான், ஆயினும் வேடிக்கை குறையவில்லை.

ஏட்டில் ஏறிய உரிமை

1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இரண்டு இடங்களில் மே தினக் கூட்டம் நடத்தினார். ஒன்று உயர்நீதிமன்றத்திற்கு எதிர்ப்புறம். இந்தியாவில் அதுவே முதல் மே தினம். அவ்விடத்திற்கு வடக்கே இராஜாஜி சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கு இன்று அவர் பெயர் இருக்கிறது. 1928 பிப்ரவரி 3 அன்று, சைமன் குழுவைப் புறக்கணித்துத் திரண்ட கூட்டத்தின் மீது உயர்நீதிமன்றத்தின் அருகே போலீசார் சுட்டனர். துப்பாக்கிகளுக்கு முன்னே மார்பைக் காட்டி நின்ற பிரகாசம், பிறகு இம்மாகாணத்தின் பிரதமராகவே ஆனார்.

இப்படிச் சிறையும் தடியடியும் பட்டவர்கள்தாம் அரசியலமைப்பை எழுத உட்கார்ந்தார்கள். 19-ஆம் உறுப்பின்படி, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை குடிமக்கள் அனைவருக்கும் உண்டு. அதே உறுப்பின் மூன்றாம் கூறு, பொது ஒழுங்கின் பொருட்டு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்கிறது. 1963-இல் நாட்டின் இறைமையும் ஒருமைப்பாடும் இக்காரணங்களோடு சேர்ந்தன. அரசியல் நிர்ணய சபையில் 1947 ஏப்ரலில் சோமநாத் லாகிரி, இவ்வுரிமைகளில் பல ஒரு போலீஸ்காரரின் பார்வையிலிருந்து எழுதியவை போல் இருக்கின்றன என்று குறை கூறினார். உரிமையை ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுக்கிறோம் என்பது அவர் கவலை. மற்றவர்கள் நம்பிக்கை வைத்த சொல் 'நியாயமான' என்பது. கட்டுப்பாடு நியாயமானதா என்று இனி ஆணையர் மட்டும் தீர்மானிக்க முடியாது, நீதிமன்றமும் பார்க்கும்.

பார்த்தும் இருக்கிறது. ஆமதாபாத்தில் மாணவர் அமைப்பொன்று பொதுக்கூட்டத்திற்கு அனுமதி கேட்டு மறுக்கப்பட்ட வழக்கில், 1972-இல் உச்சநீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. தெருவில் கூடுவதை அரசு ஒழுங்கு செய்யலாம். எங்குமே கூடாதபடி செய்ய முடியாது. எந்த அளவுகோலும் சொல்லாமல் அனுமதியை அதிகாரியின் விருப்பத்திற்கு விட்ட விதி செல்லாது. ஹிமத்லால் ஷா வழக்கு என்று வழங்கும் இத்தீர்ப்பில், 1888-இல் ஒரே பெட்டிக்குள் அடைத்த இரண்டையும் நீதிபதிகள் பிரித்தெடுத்தார்கள் எனலாம். என் மாணவரின் கேள்விக்குப் பாதி விடை இது: அனுமதி என்பது தெருவைப் பங்கிடும் ஏற்பாடு. மறுப்பதானால் காரணம் சொல்ல வேண்டியது மறுப்பவரின் பொறுப்பு. கூடுகிறவர் தம் உரிமைக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மீதிப் பாதி நடைமுறையில் இருக்கிறது. சென்னையில் ஆணையரின் 15 நாள் தடையாணை முடியும் தறுவாயில் அடுத்த 15 நாள் ஆணை வெளிவருவது பல்லாண்டு வழக்கம். செய்தித்தாளின் மூலையில் சிறு செய்தியாக அது வரும். 15 நாள் என்ற வரம்பை எழுதியவர்கள், தடை என்பது அவசரத்திற்கு மட்டும் என்று நினைத்தே எழுதியிருக்க வேண்டும். ஒரு துடிப்பு முடிந்ததும் இடைவெளியின்றி அடுத்த துடிப்பை அனுப்பிக்கொண்டே இருந்தால், அலைவுகாட்டியின் திரையில் அது துடிப்பாகத் தெரியாது, நேர்கோடாகத்தான் தெரியும். அவ்வாறே, விதிவிலக்காக வந்தது விதியாகிவிட்டது. விதி நிலையாக இருக்கும்போது ஒவ்வொரு கூட்டமும் விதிவிலக்காக, தயவாகக் கிடைக்கிறது. இதனால்தான் கட்சிகளும் சங்கங்களும் ஆண்டுதோறும் உயர்நீதிமன்றப் படியேறுகின்றன. நீதிபதிகள் பல வழக்குகளில் கூட்டத்தை அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் வழக்குப் போடப் பணமும் நாளும் வேண்டும். குப்பை அள்ளுபவருக்கு அவை இரண்டுமே அரிது.

குரல் எட்டும் தூரம்

2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்திற்குப் பிறகு மெரினாவில் போராட்டங்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று. வள்ளுவர் கோட்டம், எழும்பூர் இராஜரத்தினம் விளையாட்டரங்கின் அருகு போன்ற சில இடங்கள் அதற்கென்று பழக்கத்தில் உள்ளன. 2018-இல் தில்லி ஜந்தர் மந்தர் வழக்கில் உச்சநீதிமன்றம், போராடும் உரிமையையும் அங்கு வாழ்வோரின் அமைதியையும் சீர்தூக்கி, முழுத்தடை கூடாது என்றது. 2020 அக்டோபரில் ஷாஹீன் பாக் வழக்கில், பொதுவழியைக் காலவரையின்றி அடைக்கக் கூடாது. குறித்த இடங்களில் போராட வேண்டும் என்றது. ரிப்பன் மாளிகை வழக்கிலும் நடைபாதையே வாதத்தின் மையம்.

இடம் என்பது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒலியின் செறிவு தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தொலைவு இரட்டித்தால் ஆறு டெசிபல் குறையும். முழக்கமிடும் கூட்டத்திலிருந்து பத்து மீட்டரில் 90 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், இடையில் கட்டடமே இல்லாவிட்டாலும், ஒன்றேகால் கிலோமீட்டரில் அது 48 டெசிபல் ஆகிவிடும். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் போக்குவரத்து இரைச்சலில் அது கரைந்து போகும். இராஜரத்தினம் அரங்கிலிருந்து ரிப்பன் மாளிகை ஒரு கிலோமீட்டருக்கு மேல். மேயருக்கும் ஆணையாளருக்கும் கேட்க வேண்டிய குரல் அங்கே எழும்பூர்க் காக்கைகளுக்குத்தான் கேட்கும். பொதுவழி மறிக்கப்படக் கூடாது என்பது நியாயமே. நோயாளியை ஏற்றிய வண்டிக்கு எந்த முழக்கமும் காரணமாகாது. ஆனால் யாரிடம் முறையிடுகிறோமோ அவர் பார்வையில் படாத இடத்தில் முறையிடலாம் என்பது, கூட்டத்தை ஒழுங்கு செய்வதா, தடுப்பதா? (திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ச் சாலைகளைப் பல ஆண்டுகள் கண்டெய்னர் லாரிகளின் வரிசை மணிக்கணக்கில் அடைத்துக் கிடந்தது. அதற்கு யாரும் 41-ஆம் பிரிவைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.)

எண்ணூருக்கு வந்துவிட்டோம். 2023 டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம். கடலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆலையின் அருகே காற்றில் அம்மோனியா கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. 24 மணி நேரத்திற்கான வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம்; வரம்பு 5. விடிந்ததும் மீனவ மக்கள் ஆலை வாயிலில் கூடினார்கள். பிறகு பந்தல் போட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் கறுத்துக் கிடந்ததை அவர்கள் மறந்திருக்கவில்லை.

ஐந்து நாட்கள் முன்னதாக மனு என்ற விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். டிசம்பர் 26 இரவு கசியப் போகும் வாயுவுக்கு டிசம்பர் 21-இல் மனுக் கொடுத்திருக்க வேண்டும். இத்தகைய திடீர்க் கூட்டங்களுக்கு முன்னறிவிப்பு கேட்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2020-இல் வெளியிட்ட விளக்கவுரை கூறுகிறது. முன்னறிவிப்பு என்பது அனுமதி கேட்பதாக மாறிவிடக் கூடாது என்றும் அது கூறுகிறது. 41-ஆம் பிரிவில் திடீர்க் கூட்டம் என்ற கருத்துக்கே இடமில்லை. 1888-இல் கடலடியில் அம்மோனியாக் குழாயும் இல்லை.

தொழிற்சாலைகள் நெருங்கிய பகுதியில் கூடும் உரிமைக்கு இன்னொரு பயனும் உண்டு; அறிவியல் படிப்போர் இதை எளிதில் உணர்வர். கொதிகலனுக்குப் பாதுகாப்பு அடைப்பிதழ் எதற்கு? அழுத்தம் மிகும்போது அது சீறும். அச்சத்தம் காதுக்கு இனியதன்று. அதனால் அடைப்பிதழை இறுகக் கட்டிவிடும் இயக்குநரை எந்த ஆலையும் வைத்துக்கொள்ளாது. வாரியத்தின் கருவி ஓர் இடத்தில், ஒரு நேரத்தில் அளக்கிறது. மீனவப் பெண்ணின் மூக்கு இரவும் பகலும் அங்கேயே இருக்கிறது. அவள் தெருவுக்கு வந்து கத்துவது ஓர் அளவீடு; அதற்குப் பிறகுதான் கருவிகள் வந்தன.

2025 நவம்பர் 21 அன்று தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரம்பூர் வழக்கினால் பிறந்த 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் அன்றோடு முடிந்தது. சங்கங்களுக்கு அது தந்த பாதுகாப்பு புதிய சட்டத்தின் பிரிவுகளுக்குள் சென்றது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996-இலேயே மூடப்பட்டுவிட்டன. 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு நடைமுறையில் இருக்கிறது. கூட்டம் நடத்த விரும்புவோர் இன்றும் ஐந்து நாட்கள் முன்னதாக மனுக் கொடுக்கிறார்கள்.